பற்று நோட்டு

(2023 ஆகஸ்டில், அமெரிக்க எழுத்தாளர், நடிகர் ஸ்டிரைக் நடந்துகொண்டிருந்தபோது எழுதிய கேள்வியும் பதிலும்)

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அமெரிக்காவில் சினிமா, டிவி எழுத்தாளர்கள் மே 2 முதலும் நடிகர்கள் ஜூலை 14 முதலும் ஸ்டிரைக்கில் இருக்கிறார்கள். தினமும் செய்தி படிக்கிறேன், மனசு அவர்கள் பக்கம்தான். ஆபீஸில் சொன்னால் "கோடீஸ்வரங்க ஸ்டிரைக்குக்கு உனக்கென்ன கவலை" என்று சிரிக்கிறார்கள். நான் கட்டும் ஓடிடி சந்தாவை நிறுத்தினால் அது ஆதரவாகுமா? ட்விட்டரில் எழுதிக்கொண்டே இருக்கிறேன், பயன் உண்டா? என் ரூமில் இருக்கும் நண்பன் ஒரு சீரியலுக்கு வசன உதவியாளர். மூன்று மாதமாக அவனுக்குப் பணம் வரவில்லை. அவனே "நமக்கெதுக்குல அதெல்லாம்" என்கிறான். இங்கிருந்து நாம் என்னதான் செய்ய முடியும்?

மு., ஆழ்வார்குறிச்சி (இப்போது சென்னை)

அன்புள்ள தம்பி,

சந்தா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். நிறுத்தச் சொல்லி அந்த இரண்டு சங்கங்களும் இதுவரை கேட்கவில்லை. அவர்கள் கேட்காததை நாமாகச் செய்துவிட்டு ஆதரவு என்று பேர் வைக்க வேண்டாம். கேட்டால் அன்றைக்கே நிறுத்து. ட்விட்டரில் எழுதுவதை எழுது.

ஆனால் "கோடீஸ்வரங்க" என்று சிரித்தார்களே, அங்கே நீ என்ன சொன்னாய்? ஒன்றும் சொல்லாமல் வந்து எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். எனக்குக் கோபம் வருகிறது. அந்த நடிகர் சங்கத்தில் சுமார் 1,60,000 பேர். வருஷத்துக்கு 26,470 டாலர் சம்பாதித்தால்தான் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு கிடைக்கும். பெரும்பாலானவர்கள் அந்தக் கோட்டைத் தொடுவதே இல்லை. போஸ்டரில் தெரியும் முகங்களை எண்ணிவிட்டு அதுதான் சங்கம் என்று நினைக்கிறவனிடம் இந்த ஒரு கணக்கையாவது சொல்லியிருக்கலாம். படித்த பிள்ளை, செய்தியெல்லாம் வாசிக்கிற பிள்ளை, இதற்கு வாய் திறக்காமல் எப்படி இருந்தாய்?

ஒரு படம் மறுபடி ஒளிபரப்பாகும்போது எழுதியவருக்கும் நடித்தவருக்கும் ஒரு பங்கு வர வேண்டும் என்பதற்காக 1960இல் இதேபோல இரண்டு சங்கங்களும் ஒன்றாக நின்றன. அதற்குப் பிறகு இரண்டும் சேர்ந்து நிற்பது இப்போதுதான். ஓடிடி வந்ததும் அந்தப் பங்கு தேய்ந்துபோனது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கணக்கையும் கம்பெனிகள் காட்டுவதில்லை. செயற்கை நுண்ணறிவு பற்றிய பயம் வேறு. இதெல்லாம் நீயே படித்திருப்பாய்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. ஜூலையில் பெயர் சொல்லாத ஒரு ஸ்டுடியோ நிர்வாகி பத்திரிகைக்குச் சொன்னது: எழுத்தாளர்கள் வாடகை கட்ட முடியாமல், வீட்டை இழக்கத் தொடங்கும்வரை இழுத்தடிப்பதுதான் திட்டமாம். இதை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன், தம்பி. முக்கூடல் பக்கத்தில், எங்கள் தெருவில், எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது. சொன்னவர் பீடிக்கடை ஏஜெண்ட். "பானை காலியாகட்டும், தானா வருவாளுவ."

அம்மா பீடி சுற்றினாள். மடியில் சொளவு, அதில் வெட்டிய இலையும் தூளும். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. சாயங்காலம் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்கப்பிள்ளை ஒவ்வொரு கட்டாக உருட்டிப் பார்ப்பார். முனை சரியில்லை, இலை கிழிசல் என்று நாலைந்து கட்டைக் கழித்துப் போடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது. சரி, அந்தப் பீடியையாவது திருப்பிக் கொடுப்பாரா என்றால் அதுவும் கிடையாது. அதை எதிர்த்துத்தான் பெண்கள் வேலைக்குப் போகாமல் நின்றார்கள். கம்பெனி பெயர் இங்கே வேண்டாம்.

முதல் வாரம் திருவிழா மாதிரி இருந்தது. கோவில் வாசலில் கூட்டம், பாட்டு, கோஷம். மூன்றாவது வாரத்தில் தெரு அமைதியாகிவிட்டது. அம்மா என்னைப் பற்று நோட்டோடு கடைக்கு அனுப்புவாள். நீள வாக்கில் மடித்த, அட்டை கிழிந்த நோட்டு. கடைக்காரத் தாத்தா புழுங்கலரிசியை அளந்து போட்டு, விலையை எழுதுவார். பக்கம் நிறைந்தால் அடியில் கூட்டல் போட்டு வட்டம் போடுவது அவர் வழக்கம். அந்த நாட்களில் மட்டும் கூட்டலே போடவில்லை. பக்கம் பக்கமாக எண்கள், அடியில் வெறுமை. "எவ்வளவு ஆச்சுன்னு அம்மா கேக்கச் சொன்னா தாத்தா" என்றால், "முடியட்டும்ல, பொறவு பாத்துக்கிடலாம்" என்பார். அவர் எந்தச் சங்கத்திலும் இல்லை. கூட்டத்துக்கு வந்து நின்றதும் இல்லை.

எதிர்வீட்டு அக்கா ஒருநாள் ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு பீடி சுற்றினாள். தூள் வாசனை தெருவுக்கே தெரிந்துவிட்டது. காலையில் நாலு பேர் அவள் வாசலில் போய்ச் சத்தம் போட்டார்கள். அம்மா போகவில்லை. ஒரு தூக்குச்சட்டி நிறையக் கஞ்சியும் துவையலும் கொடுத்துவிட்டாள். எனக்கு ஆத்திரம். "துரோகிக்கு எதுக்கும்மா?" என்றேன். "அவ வீட்டுல மூணு நாளா அடுப்பு எரியலல. நமக்குத் தெரியாமப் போச்சு பாரு" என்றாள்.

எனக்கு இந்த விஷயத்தில் தெரிந்ததெல்லாம் இதுதான். வேலைநிறுத்தம் உடைவது கோஷத்தில் இல்லை, அடுப்பில். அந்த ஸ்டுடியோக்காரருக்கு இது தெரிந்திருக்கிறது. நம் ஆட்களுக்குத்தான் மறந்துவிடுகிறது.

வ.உ.சி. செக்கிழுத்ததை எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டோம். 1908 பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியபோது அவர் செய்ததைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவரும் சுப்பிரமணிய சிவாவும் தினமும் கூட்டத்தில் பேசினார்கள், அது வரலாற்றில் இருக்கிறது. பேசி முடித்த பிறகு அவர் நிதி திரட்டினார், தொழிலாளர்களின் சாப்பாட்டுக்கு வழி செய்தார், ஊருக்குள் மாற்று வேலை தேடிக் கொடுத்தார். ஊரும் கூட நின்றது. போராட்டத்துக்கு எதிராகப் பேசிய வக்கீல் ஒருவருக்குச் சவரம் செய்ய மறுத்த நாவிதரின் கதையை இன்றைக்கும் சொல்வார்கள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி கூடியது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. ஒன்பது நாளும் வீடுகளில் அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டதால் கிடைத்த வெற்றி அது.

இப்போது லாஸ் ஏஞ்சல்ஸைப் பார். ட்ரூ கேரி என்ற நடிகர் அங்கே இரண்டு சாப்பாட்டுக் கடைகளில் சொல்லிவைத்திருக்கிறார்: எழுத்தாளர் சங்க அட்டையைக் காட்டினால் சாப்பாடு, பில் அவர் கணக்கில், ஸ்டிரைக் முடியும்வரை. செய்தியில் அதைப் படித்ததும் எங்கள் கடைக்காரத் தாத்தாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது. உன் ஆபீஸில் சொல்லிச் சிரிக்கிறார்களே அந்தக் கோடீஸ்வரர்கள், அவர்களில் மெரில் ஸ்ட்ரீப், ஜார்ஜ் குளூனி போன்றவர்கள் ஆளுக்கு 10 லட்சம் டாலரும் அதற்கு மேலும் நடிகர்களின் உதவி நிதிக்குப் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் தொடக்கத்திலேயே அது ஒன்றரைக் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. எண்டர்டெயின்மெண்ட் கம்யூனிட்டி ஃபண்ட் என்று இன்னொன்று இருக்கிறது. ஸ்டிரைக்கில் இல்லாவிட்டாலும் வேலை நின்றுபோன லைட்மேன், மேக்கப் ஆட்களுக்கும் அது உதவுகிறது. நீ கட்டும் சந்தாவளவு பணத்தை அங்கே அனுப்ப முடிந்தால் அனுப்பு. சின்னத் தொகை என்று கூச்சப்படாதே.

எங்கள் தெருப் போராட்டம் நாற்பது நாளுக்கு மேல் போனது. ஆயிரத்துக்குச் சில பைசா கூட்டினார்கள். கழிவு குறைந்தது, ஒழியவில்லை. நோட்டில் இருந்த கடனை அம்மா அடுத்த தை மாதம்வரை பீடி சுற்றி அடைத்தாள். தாத்தா கடைசி வரை அவராகக் கேட்கவே இல்லை.

தம்பி, இவ்வளவு எழுதிய கடிதத்தில் உன் நண்பனைப் பற்றி மூன்றே வரி. அதுவும் அவன் பேசியது உனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக. மூன்று மாதமாகப் பணம் வராதவன் வேறெப்படிப் பேசுவான்? இந்த மாத வாடகையில் அவன் பங்கை நீ கட்டினாயா? ராத்திரி என்ன சாப்பிட்டான் என்று தெரியுமா? கேட்காதே, கேட்டால் சாப்பிட்டேன் என்றுதான் சொல்வான். இரண்டு பார்சலாக வாங்கிக்கொண்டு போ. அவனுடைய சங்கத்தில் புகார் கொடுக்கக் கூடவே போ. ஆவணியில் ஊருக்கு வரும்போது அவனையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. சொதி வைக்கச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணாச்சி