அந்த 7 சதவீதம் யாருக்கு?

கேள்வி: நான் அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. அவசரத் தேவைக்கும், பிளஸ் டூ படிக்கும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கும் சேர்த்து ஸ்டேட் வங்கி சேமிப்புக் கணக்கில் 4 லட்சம் ரூபாய் வைத்திருக்கிறேன். 2.5 சதவீதம்தான் வட்டி வருகிறது. ஒரு ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கி, '7 சதவீதம் வரை வட்டி, வீட்டிலிருந்தே ஆப் மூலம் கணக்கு' என்று விளம்பரம் செய்கிறது. 'பேர் தெரியாத பேங்கில் போட்டுவிட்டு அப்புறம் அழாதே' என்கிறார் என் கணவர். மாற்றலாமா?
— வாசகி, ஈரோடு

பதில்: மாற்றலாம் சகோதரி. ஆனால் மொத்தப் பணத்தையும் மாற்ற வேண்டாம், அந்த 7 சதவீதத்தை நம்பியும் மாற்ற வேண்டாம்.

விளம்பரத்தில் '7 சதவீதம் வரை' என்று இருக்கிறது அல்லவா, உங்களுக்கு முக்கியம் அந்த 'வரை'தான். 2011 அக்டோபரில் சேமிப்புக் கணக்கு வட்டியை வங்கிகளே தீர்மானிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி விட்டுவிட்டது. ஒரு லட்சம் ரூபாய் வரை எல்லோருக்கும் ஒரே வட்டி, அதற்கு மேல் தொகைக்கு ஏற்ப வேறு வேறு வட்டி தரலாம் என்பது விதி. அதனால்தான் வட்டி அட்டவணைகளில் முதல் படி பெரும்பாலும் ஒரு லட்சத்தில் முடிகிறது. பெரிய எழுத்தில் போடும் வட்டி பல இடங்களில் மேல்படிக்கு உரியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வங்கி முதல் ஒரு லட்சத்துக்கு 3 சதவீதம், அதற்கு மேல் 5 லட்சம் வரை 5 சதவீதம், அதையும் தாண்டினால் 7 சதவீதம் தருவதாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 4 லட்சத்துக்கு முதல் லட்சத்தில் 3,000, மீதி மூன்று லட்சத்தில் 15,000, ஆக ஆண்டுக்கு 18,000 ரூபாய் வரும். சராசரியாக 4.5 சதவீதம். 7 சதவீதத்தை நினைத்து 28,000 எதிர்பார்த்திருந்தால் ஏமாற்றம்தான். விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு, வங்கியின் இணையதளத்தில் உள்ள வட்டி அட்டவணையை எடுத்து உங்கள் தொகைக்கு எத்தனை ரூபாய் என்று இப்படிக் கணக்கிடுங்கள். மினிமம் பேலன்ஸ் எவ்வளவு, குறைந்தால் என்ன பிடிப்பார்கள் என்பதையும் பாருங்கள். ஸ்டேட் வங்கி 2020இலேயே அந்த நிபந்தனையை எடுத்துவிட்டதால் உங்களுக்கு அது மறந்தே போயிருக்கும்.

உங்கள் கணவரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஸ்மால் ஃபைனான்ஸ் வங்கிகள் ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற முழு வங்கிகள். சிறு கடன்களை அதிக வட்டிக்குக் கொடுப்பதாலும், டெபாசிட் திரட்ட வேண்டியிருப்பதாலும் நமக்குக் கூடுதலாகத் தர முடிகிறது. அங்கே போடும் பணத்துக்கும் ஸ்டேட் வங்கியில் போடும் பணத்துக்கும் ஒரே காப்பீடுதான். ஒரு வங்கியில் ஒருவருக்கு, அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை. அதே வங்கியில் எஃப்டி போட்டாலும் இந்த 5 லட்சத்துக்குள்தான் சேரும்.

ஆனால் காப்பீடு பணத்தைத்தான் காப்பாற்றும், நேரத்தைக் காப்பாற்றாது. 2020 மார்ச்சில் யெஸ் பேங்க் சிக்கலில் மாட்டியபோது வாடிக்கையாளர்கள் பொதுவாக 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. அந்தத் தடை இரண்டு வாரத்துக்குள் நீங்கியது. 2019இல் முடக்கப்பட்ட மும்பையின் பிஎம்சி கூட்டுறவு வங்கியில் போட்டவர்கள் வருடக்கணக்கில் அலைந்தார்கள். 2021இல் சட்டத்தைத் திருத்தி, இப்படி முடக்கப்பட்டால் 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கும்போது 90 நாள் என்பது நீண்ட காலம். அதனால் ஒரு லட்சம் ரூபாய் இப்போது இருக்கும் கணக்கிலேயே இருக்கட்டும். ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியிருந்தால் எடுக்க அது போதும். மீதி மூன்று லட்சத்தை மாற்றுங்கள்.

நான் மேலே சொன்ன அட்டவணைப்படி புதிய வங்கியில் 13,000, பழைய வங்கியில் 2,500, மொத்தம் 15,500 ரூபாய் வரும். இப்போது வருவதைவிட 5,500 அதிகம். பெரிய தொகை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருமுறை கணக்குத் திறந்துவிட்டால், இதே வட்டியும் தொகையும் இருக்கும் வரை வருடா வருடம் கிடைக்கும், நியாயமாக உங்களுக்கு வர வேண்டிய பணம் அது. பழைய வரிமுறையில் இருந்தால் சேமிப்பு வட்டியில் 10,000 ரூபாய்க்குக் கழிவு உண்டு, மீதிக்கு வரி. புதிய முறையில் அந்தக் கழிவு இல்லை. சேமிப்பு வட்டிக்கு டிடிஎஸ் (வட்டி தரும்போதே பிடிக்கும் வரி) பிடிக்க மாட்டார்கள் என்பதால் பலர் ரிட்டர்னில் காட்டாமல் விடுகிறார்கள். வங்கி அந்த விவரத்தை வருமான வரித் துறைக்குக் கொடுத்துவிடும், நீங்கள் காட்டிவிடுங்கள்.

சேமிப்பு வட்டி எந்த நாளும் மாறலாம். 2025இல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் கடனுக்கான வட்டியைக் குறைத்தபோது ஸ்டேட் வங்கி 2.7இலிருந்து 2.5க்கு இறங்கியது. மகளின் கட்டணம் எந்த மாதம் தேவை என்று தெரிந்தால் அந்தத் தொகையை மட்டும் அந்த மாதம் முடிகிற எஃப்டியில் போடுங்கள். போட்ட அன்றைய வட்டி கடைசி வரை மாறாது.

ஆப் விஷயத்தில் நிதானம் வேண்டும். சில ஆப்கள் வங்கியே அல்ல, ஏதோ ஒரு வங்கியின் கணக்கைத் திறந்து தருபவை. பணம் எந்த வங்கியில் இருக்கும் என்று முதலில் கேளுங்கள். இந்திய வங்கிகளின் இணைய முகவரி இப்போது 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிய வேண்டும். அந்த இணையதளத்தில் இருக்கும் இணைப்பிலிருந்தே ஆப்பை இறக்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் தொடவே தொடாதீர்கள். இன்னொன்று, ஆதார் ஓடிபி மட்டும் கொடுத்துத் திறக்கும் கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் வைக்க முடியாது, ஒரு வருடத்துக்குள் முழு கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) முடிக்காவிட்டால் கணக்கும் நிலைக்காது. உங்கள் தொகைக்கு முழு கேஒய்சி அவசியம்; வீட்டிலிருந்தே என்றால் வங்கி ஊழியருடன் வீடியோ அழைப்பில் முடிக்கும் வீடியோ கேஒய்சி. அசல் பான் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சமான இடத்தில் உட்கார்ந்து செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும்.

கணக்குத் திறந்ததும் 5,000 ரூபாய் மட்டும் அனுப்பி, அதைப் பழைய கணக்குக்குத் திருப்பி எடுத்துப் பாருங்கள். சிக்கல் இல்லை என்றால் மீதியை அனுப்பலாம். நாமினியாக யாரைப் போடுவது என்பதை அன்றைக்கே முடிவு செய்து பதிவு செய்துவிடுங்கள். 2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை குறிப்பிடலாம். ஆன்லைன் கணக்கு என்பதால் வீட்டில் பாஸ்புக் இருக்காது. வங்கியின் பெயரையும் கணக்கு எண்ணையும் ஒரு தாளில் எழுதி உங்கள் கணவரிடம் கொடுத்து வையுங்கள்.