லயன் அறையிலிருந்து லண்டன் வேலை: நேரத்தைப் பேசி எடுங்கள்

தங்கச்சி, ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயன் அறையிலிருந்து லண்டன் கம்பனிக்கு வேலை செய்வதாகவும், இரவு 11 மணிக்கும் மெசேஜ் வருவதாகவும், தூக்கம் கெட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். பண்டாரவளையில் நானும் இரண்டு வருடம் இப்படித்தான் தவித்தேன்.

லண்டனில் காலை 9 என்றால் நமக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் 2.30, கோடையில் 1.30. அவர்கள் மாலை 5 மணிக்கு வேலை முடிக்கும்போது நமக்குக் குளிர்காலத்தில் இரவு 10.30, கோடையில் 9.30 ஆகிவிடும். அவர்களுடைய முழு நாளுக்கும் நீங்கள் காவல் இருக்கத் தேவையில்லை. "பகல் 11 முதல் இரவு 8 வரை வேலையில் இருப்பேன், கூட்டங்களை 8 மணிக்குள் வைப்போம்" என்று ஈமெயிலில் கேளுங்கள். ஆறு மாதம் பயந்துகொண்டிருந்த நான் கேட்டதும் சரி என்றுவிட்டார்கள்.

உங்கள் வேலை ஒப்பந்தம் கம்பனியின் இலங்கைக் கிளையுடனா? அப்படியென்றால் 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தைப் பாருங்கள்: சாதாரண வேலை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம்.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போக விடியமுன் எழும்பும் சத்தத்தில் உங்களுக்கும் விழிப்பு வரும் இல்லையா? ஒரே அறையில் அதைத் தவிர்க்க முடியாது. அதனால்தான் இரவை விட்டுக்கொடுக்காதீர்கள். 8 மணிக்கு லெப்டொப்பைப் பைக்குள் வைத்துவிடுங்கள். மழையில் கரண்ட் போகும் நாட்களைப் பற்றியும் அதே ஈமெயிலில் இப்போதே சொல்லிவிடுங்கள். பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.