தடுப்பூசி இழப்பீடு: எழுதிக் கொடுக்கும் முன் கேளுங்கள்

பாளையங்கோட்டை கோர்ட்டில் இழப்பீட்டு வழக்குகள் நடத்திய பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

மேலப்பாளையத்திலிருந்து: அண்ணாச்சி, தனியார் ஆஸ்பத்திரியில் என் ஒன்றரை வயது மகனுக்குத் தொடையில் தடுப்பூசி போட்டார்கள். சீழ் கட்டி, கீறி எடுக்க வேண்டியதாயிற்று. 40,000 ரூபாய் தருகிறோம், எழுதிக் கொடு என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் இன்றைக்கு வேண்டாம். அந்தப் பத்திரத்தின் கடைசி வரியைப் பாருங்கள். "இனி எக்காலத்தும் எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று இருக்கும். பிள்ளை இப்போதுதான் ஓடிப் பழகுகிறான்; கால் எப்படி வளரும் என்று எலும்பு டாக்டர் எழுதித் தரட்டும். ஊசி போட்ட இடத்தில் சீழ் கட்டினால், பெரும்பாலும் மருந்தைவிடச் சுத்தக் குறைவைத்தான் சந்தேகிக்க வேண்டும். வழக்கென்று வந்தால் இது உங்களுக்குச் சாதகம். தடுப்பூசி அட்டையில் மருந்தின் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) இருந்தால் போட்டோ எடுங்கள். கீறிய பில், போக்குவரத்துச் செலவு, நீங்கள் இழந்த கூலி எல்லாவற்றையும் ஒரு தாளில் கூட்டுங்கள். 40,000 அதற்கே காணாது என்பது என் கணிப்பு.

இன்னொன்று: சிவில் வழக்கு போட்ட பிறகு சமரசம் என்றால், மைனருக்காக நீங்கள் ஒப்புக்கொள்ளக் கோர்ட் அனுமதி வேண்டும்.

நாங்குநேரியிலிருந்து: ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாக ஊசி போட்டோம். மறுநாள் குழந்தைக்கு வலிப்பு. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

எல்லோருக்கும் இலவசமாகத் தரும் சேவைக்கு அங்கே இடமில்லை. உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. முதலில் நிலைய டாக்டரிடம் எழுத்தில் புகார் கொடுத்து நகலில் முத்திரை வாங்குங்கள். இத்தகைய பாதிப்பை விசாரிக்க மாவட்ட அளவில் குழு உண்டு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததா, காக்கைதான் தள்ளியதா என்பதே அவர்கள் பார்ப்பது. வழக்கும் அதில்தான் நிற்கும், விழும். வக்கீல் செலவுக்கு வழியில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள்.

வள்ளியூரிலிருந்து: பணம் கட்டிப் போட்ட ஊசி. எத்தனை நாளுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகணும்?

2 வருஷம். மாவட்டம், மாநிலம், தேசியம் என்று எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் தொகையை வைத்து அல்ல, கொடுத்த பணத்தை வைத்து. அது 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அமெரிக்காவில் என் மகளுக்கு ஃப்ளூ ஊசிக்குப் பிறகு தோளைத் தூக்க முடியவில்லை. இங்கிருந்து வழக்கு போடலாமா?

இங்கே வேண்டாம் அம்மா. அங்கே 1986-ஆம் வருஷச் சட்டப்படி தனி நிதி இருக்கிறது. முதல் அறிகுறி தெரிந்ததிலிருந்து 3 வருஷத்துக்குள் மனுப் போடணும். தோள் வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியதா என்று முதலில் கேட்பார்கள், அன்றைய டாக்டர் சீட்டைத் தேடச் சொல்லுங்கள். வக்கீல் கட்டணத்தைக் கோர்ட்டே தனியாக நிர்ணயிக்கும், இழப்பீட்டில் பங்கு போகாது. நம்மூரிலும் இப்படி இருந்தால் எனக்கு வேலை குறையும், பரவாயில்லை.

முக்கூடலிலிருந்து: மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடித்தால், பிறகு தொகை போதாது என்று அப்பீல் போகலாமா அண்ணாச்சி?

முடியாது. ஆனால் அந்த உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். சொன்ன தேதியில் பணம் வராவிட்டால் நிறைவேற்று மனுப் போட்டு வசூலிக்கலாம். அதனால் தொகையோடு தேதியையும் எழுத வைத்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.