வருகை சமீபம் என்று சேமிப்பை உடைக்கலாமா?

கேள்வி: நாங்கள் அயனாவரத்தில் இருக்கிறோம். அப்பாவுக்கு 61 வயது, ஒன்றரை ஆண்டுக்கு முன் ரயில்வேயில் ஓய்வு பெற்றார். பென்ஷன் மாதம் 42,000 ரூபாய். ஓய்வுப் பணத்தில் 20 லட்சத்தை அப்போதே தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். வங்கியில் 8 லட்சம் டெபாசிட். சில மாதங்களாக ஒரு டிவி ஊழியக்காரரின் கூட்டங்களுக்குப் போகிறார். வட இந்திய மிஷனரி ஊழியத்துக்கும் பிள்ளைகள் இல்லம் கட்டவும் என்று 3 லட்சம் கொடுத்துவிட்டார். இப்போது 'இயேசுவின் வருகை சமீபம், அதற்கப்புறம் இந்தப் பணம் யாருக்கு?' என்று அந்த 20 லட்சத்தையும் எடுத்துக் கொடுக்க நினைக்கிறார். வரிச்சலுகை உண்டு என்றும் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவுக்கு 57 வயது, தனி வருமானம் இல்லை. நாங்களும் விசுவாசிகள்தான், ஊழியத்துக்கு எதிராகப் பேசினால் வீட்டில் சண்டை வருகிறது. என்ன செய்வது?

பதில்: அது அப்பா உழைத்துச் சேர்த்த பணம். யாருக்கும் கொடுக்க அவருக்குச் சட்டப்படி முழு உரிமை உண்டு. அவரைத் தடுக்கும் வழி எதையும் நான் சொல்லப் போவதில்லை. அவரோடு உட்கார்ந்து பேசக் கணக்கு தருகிறேன்.

20 லட்சத்துக்கு 8.2 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1,64,000 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000. ஓராண்டு முடிந்து இரண்டாண்டு ஆகும் முன் கணக்கை மூடினால் அசலில் 1.5 சதவீதம், அதாவது 30,000 ரூபாய் பிடிப்பார்கள். வரிச்சலுகைப் பேச்சை விட்டுவிடுங்கள். பென்ஷனும் தபால் நிலைய, வங்கி வட்டிகளும் சேர்ந்தால் ஆண்டுக்குச் சுமார் ஏழேகால் லட்சம் வரும். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை. கட்டாத வரியில் சலுகை ஏது? பழைய முறையிலும் முழுக்க மதப் பிரசாரத்துக்கான நிறுவனத்துக்குக் கொடுத்தால் நன்கொடைக்கான வரிக்கழிவு (80ஜி) கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது.

எனக்குப் பெரிய கவலை அம்மாதான். ரயில்வே பென்ஷன் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. அப்பாவுக்குப் பிறகு வரும் குடும்பப் பென்ஷன், அவர் 67 வயதைத் தாண்டியபின் போனால், அதே சம்பளத்தில் 30 சதவீதம். இன்றைய கணக்கில் 42,000 வரும் இடத்தில் சுமார் 25,000 வரும். அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியது இந்த 20 லட்சம். தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று 1 தீமோத்தேயு 5:8 சொல்கிறது. இதை உங்களைவிட உங்கள் சபைப் போதகர் சொன்னால் அப்பா கேட்பார்.

நாள் நெருங்கிவிட்டது என்று சொல்லிப் பணம் சேர்ப்பது பழைய கதை. 1844 அக்டோபர் 22-ல் இயேசு வருவார் என்று நம்பி, அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்களில் பலர் விளைந்த பயிரை அறுக்காமல் விட்டார்கள். 2011 மே 21 என்று ஹெரால்ட் கேம்பிங் என்ற பிரசங்கியார் வானொலியில் சொன்னதை நம்பி, நியூயார்க்கில் ஓய்வு பெற்ற போக்குவரத்துத் தொழிலாளி ஒருவர் தன் சேமிப்பிலிருந்து 1,40,000 டாலரை விளம்பரங்களுக்குச் செலவழித்தார். கேம்பிங் அடுத்து அக்டோபர் 21 என்றார். மறு ஆண்டு தவறை ஒப்புக்கொண்டார். என்னை அதிகம் கோபப்படுத்துவது தென்கொரியாவில் நடந்தது. 1992 அக்டோபர் 28 அன்று விசுவாசிகள் பரலோகத்துக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்று பிரசங்கித்த லீ ஜாங் ரிம் கூட்டத்தில் பலர் வேலையை விட்டார்கள், உடைமைகளை விற்றுக் கொடுத்தார்கள். அவர் வாங்கி வைத்திருந்த முதலீட்டுப் பத்திரங்களோ அந்தத் தேதிக்குப் பிறகு முதிர்வடைபவை! மோசடி வழக்கில் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. உங்கள் அப்பா கேட்கும் ஊழியக்காரர் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவருடைய டிரஸ்ட் எத்தனை ஆண்டுக்கு டெபாசிட் வைத்திருக்கிறது, என்னென்ன நிலம் வாங்கியிருக்கிறது என்று கேட்பதில் பாவம் எதுவும் இல்லை.

பிள்ளைகள் இல்லம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 2015-ம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 41-வது பிரிவுப்படி அப்படிப்பட்ட இல்லங்கள் பதிவு செய்தே ஆக வேண்டும். பதிவில்லாமல் நடத்துவது குற்றம். அதே சட்டம் பிள்ளையை இல்லத்தில் வைப்பதைக் கடைசி வழியாகத்தான் பார்க்கிறது. அநாதைகள் என்று போட்டோ காட்டப்படும் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊரில் தாயோ தகப்பனோ இருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய பணம் கட்டடத்துக்குப் போகிறது. பதிவு எண், எந்த மாவட்டம், எத்தனை பிள்ளைகள், தணிக்கை செய்த மூன்று வருடக் கணக்கு, அதில் டிவி நேரத்துக்குப் போனது எவ்வளவு, டிரஸ்டிகள் யார் யார், எல்லோரும் ஒரே குடும்பமா என்பதையெல்லாம் அப்பாவே கடிதம் எழுதிக் கேட்கட்டும். ஏற்கெனவே 3 லட்சம் கொடுத்தவருக்குக் கேட்கும் உரிமை இருக்கிறது. அந்தப் பணம் போனபோது ஜிபேயில் டிரஸ்டின் பெயர் வந்ததா, தனிநபர் பெயரா என்றும் பாருங்கள்.

மிஷனரி ஊழியத்தையே நான் சந்தேகிக்கவில்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனை அப்படி வந்ததுதான். 1903-ல் திருநெல்வேலியில் நம் கிறிஸ்தவர்களே தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் உள்ளூர்க் காணிக்கையில் வளர்ந்தது. அப்பா கொடுக்கட்டும், வருமானத்திலிருந்து கொடுக்கட்டும். பென்ஷனில் தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு, மாதம் 4,200. அதற்கு மேல் காலாண்டு வட்டியில் 10,000 ரூபாயை மிஷனரி தாங்குதலுக்கு ஒதுக்கினால் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 90,400 ஆகிறது. அசல் அப்படியே இருக்கும்.

அசலையும் ஊழியத்துக்குத்தான் என்று உறுதியாக இருந்தால், இருவர் காலத்துக்குப் பிறகு போய்ச் சேரும்படி உயில் எழுதட்டும். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர்கள் தர்மத்துக்கு உயில் எழுத இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-வது பிரிவு முன்பு கடும் கட்டுப்பாடு வைத்திருந்தது. 2003-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. இரண்டு சாட்சிகள் போதும். மனம் மாறினால் உயிரோடு இருக்கும்வரை உயிலை மாற்றலாம். காசோலை கொடுத்துவிட்டால் அந்த வசதி இல்லை.

கடிதத்துக்குப் பதில் வரும்வரை தபால் நிலையத்தில் மூடும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று மட்டும் அப்பாவிடம் கேளுங்கள். இன்னும் ஆறு மாதத்தில் கணக்குக்கு இரண்டு ஆண்டு முடிந்துவிடும். அதற்குப் பிறகு மூடினால் பிடித்தம் 20,000தான். தபால் நிலையக் கணக்கிலும் வங்கி டெபாசிட்டிலும் அம்மா பெயர் நாமினியாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.