மோசமான சாலைகளில் ஓட்ட வசதியான ரோடு சைக்கிளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

எவ்வளவு அகலமான டயர் அதில் நுழையும் என்று முதலில் கேளுங்கள். பிராண்டு, கியர், எடை எல்லாம் பிறகு.

நீங்களும் என்னைப் போல வேலைக்குப் போகும் முன் விடியற்காலையில் ஓட்டுபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் முதலில் வாங்கியது 23 மி.மீ. டயர் போட்ட சைக்கிள். கடைக்காரர் 110 பிஎஸ்ஐ காற்று அடித்து, "கல்லாக இருந்தால்தான் ஓடும்" என்றார். நம்பினேன். மதுரையிலிருந்து அழகர்கோயிலுக்குச் சுமார் 20 கிலோமீட்டர். குழாய் பதிக்கத் தோண்டி, ஜல்லியைக் கொட்டி மூடிய இடங்களில் அதிர்வு தோள்பட்டை வரை ஏறும். மூன்றாவது மாதம் இடது சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. உள்ளங்கையில் அல்நார் நரம்பு அழுந்தியிருக்கிறது என்றார் மருத்துவர்.

32 டயர் மாற்றலாம் என்று போனால் ஃபோர்க்கில், அதாவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவையில், நுழையவே இல்லை. 28 போட்டதற்கே பிரேக்கில் உரசியது. கடைசியில் பாதி விலைக்கு விற்றேன். வாங்கும்போது ஒருவராவது இதைச் சொல்லியிருக்கலாம்.

இப்போது வைத்திருப்பது டிஸ்க் பிரேக்கும் சற்று உயரமான ஹேண்டில்பாரும் உள்ள எண்டியூரன்ஸ் வகை; நெடுந்தூரம் வசதியாக ஓட்டுவதற்கான ரோடு சைக்கிள். 35 டயர் போட்டிருக்கிறேன். என் எடை 82 கிலோ. முன்னால் 45, பின்னால் 50 பிஎஸ்ஐ. விரல்கள் மரப்பதில்லை. கார்பன் ஃப்ரேமுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள். சுகம் அதில்தான் அதிகம்.

அகல டயர் வேகத்தைக் கெடுக்கும் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: வழவழப்பான தளத்தைப் பற்றி நான் பேசவில்லை. கரடுமுரடான சாலையில் இறுகிய டயர் ஒவ்வொரு மேட்டிலும் சைக்கிளையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப்போடுகிறது; வீணாவது நாம் மிதித்த சக்தி. பிரான்ஸில் 1896இல் தொடங்கிய பாரிஸ்–ரூபே சைக்கிள் பந்தயத்தில் 50 கிலோமீட்டருக்கும் மேல் கல் பாவிய பாதை. அங்கே தொழில்முறை வீரர்களே இப்போது 30, 32 மி.மீ. டயர் போடுகிறார்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அலுவலக வளாகத்தில் காருக்கும் ஸ்கூட்டருக்கும் கோடு போட்டு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். சைக்கிளை மட்டும் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், குப்பைத்தொட்டி பக்கத்தில் நிறுத்தச் சொல்கிறார்கள். இரண்டு முறை எழுதிக் கொடுத்தும் பதில் இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு மூலைதான் கிடைக்கலாம்; பூட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.