விக்டோரியா டாக், 14 ஏப்ரல் 1944: கேட்டவர்களுக்குப் பதில்

கப்பலில் சரக்கு அடுக்கும் வேலையிலேயே காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் என்பதால் 1944இல் பம்பாய்த் துறைமுகத்தின் விக்டோரியா டாக்கில் (கப்பலை நிறுத்திச் சரக்கு ஏற்றி இறக்கும் துறை) நடந்த வெடிவிபத்து பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுப்பை நம் மும்பைத் தமிழர்கள் என் தலையில் கட்டிவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. 'அப்படி நடந்திருந்தால்' என்று கேட்பவர்கள், அன்று அந்த மனிதர்களுக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துக் கேளுங்கள்.

செம்பூரிலிருந்து: என்னதான் நடந்தது சார், சுருக்கமாக?

'ஃபோர்ட் ஸ்டிகீன்' என்ற சரக்குக் கப்பல் பிர்க்கன்ஹெட்டில் புறப்பட்டு, கராச்சி வழியாக ஏப்ரல் 12 அன்று இங்கே வந்தது. உள்ளே சுமார் 1,400 டன் வெடிபொருள். 14ஆம் தேதி மதியம் 2 மணி வாக்கில் கப்பலின் இரண்டாம் சரக்குக் கிடங்கில் தீ தெரிந்தது. 900 டன்னுக்கு மேல் தண்ணீர் அடித்தும் அணையவில்லை. மாலை 4.06க்கு முதல் வெடிப்பு, 4.34க்கு இரண்டாவது. சுமார் ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி சிம்லாவில் இருந்த நில அதிர்வுக் கருவியே அதைப் பதிவு செய்தது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் எழுநூற்றுச் சொச்சம். அதை நம்பாதவர்கள் அதிகம்.

டோம்பிவிலி: அன்று தமிழ்ப் புத்தாண்டு அல்லவா?

இல்லை. அந்த வருடம் தாரண ஆண்டு பிறந்தது முந்தின நாள், 13ஆம் தேதி.

மாட்டுங்கா: யாரோ போட்ட சிகரெட் துண்டுதான் காரணம் என்கிறார்கள். அதைப் போடாமல் இருந்திருந்தால் இத்தனை உயிர் பிழைத்திருக்குமே ஐயா?

இதற்குத்தான் காத்திருந்தேன். சிகரெட்டை விடுங்கள் அம்மா. டாக் இருந்தால் பீடியும் இருக்கும், அதை எந்தப் போர்டு வைத்தும் நிறுத்த முடியாது. கேட்க வேண்டிய கேள்வி, கராச்சியில் அந்தப் பஞ்சை யார் ஏற்றச் சொன்னது என்பதுதான். வெடிபொருளோடு வந்த கப்பலில் அங்கே சுமார் 8,700 பொதி பஞ்சையும் எண்ணெய்ப் பீப்பாய்களையும் ஏற்றினார்கள். இரண்டாம் கிடங்கில் கீழே பஞ்சு, அதன் மேல்தட்டில் வெடிபொருள். இறுக்கிக் கட்டிய பஞ்சுப் பொதியில் தீ பிடித்தால் உள்ளே கனன்றுகொண்டே இருக்கும், வெளியே புகைதான் வரும். எந்தப் பொதி எரிகிறது என்று தெரியாமல் தண்ணீர் அடித்தார்கள். பஞ்சோ மிதக்கும். தண்ணீர் ஏற ஏற நெருப்பும் வெடிபொருளை நோக்கி ஏறியது. அணைக்க வந்தவர்கள் செய்தது எல்லாம் சரிதான். அடுக்கிய விதம்தான் அவர்களைக் கொன்றது.

இன்னொன்று. போருக்கு முன்பு வெடிபொருள் கப்பலை டாக்குக்குள்ளேயே விடமாட்டார்கள், வெளியே நங்கூரமிட்டுப் படகில்தான் இறக்க வேண்டும். போர் அவசரத்தில் அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஆபத்தான சரக்கு என்று காட்டும் சிவப்புக் கொடிகூட அன்று கப்பலில் பறக்கவில்லை. 'அப்படி நடந்திருந்தால்' என்று கேட்க இவை போதும்.

சயான்: தங்கக் கட்டி இன்னும் கடலடியில் கிடக்கிறதா?

சுமார் 9 லட்சம் பவுண்டு மதிப்புள்ள தங்கம் கப்பலில் இருந்தது. ஒரு கட்டி ஒரு பார்சி பெரியவர் வீட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது, அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னாளில் தூர் வாரும்போதும் சில கிடைத்தன.

முலுண்ட்: அதே நாளில் மொய்ராங்கில் ஐ.என்.ஏ. (நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம்) கொடி ஏற்றியது. இரண்டும் ஒரே திட்டமாக இருக்குமோ?

கர்னல் ஷௌகத் மாலிக் மணிப்பூரில் மூவர்ணக் கொடி ஏற்றியது அதே நாள்தான். மலாயாவிலிருந்து போன நம்மவர்கள் அந்தப் படையில் எத்தனை பேர்! அந்தப் பெருமை தனி. ஆனால் தேதி ஒத்துப்போவது சாட்சி ஆகாது. விசாரணை இதை விபத்து என்றுதான் முடித்தது. அன்றே ஊருக்குள் ஜப்பான்காரன் குண்டு போட்டுவிட்டான் என்று வதந்தி. வதந்திக்குக் காரணம், தணிக்கை. ஜப்பானியர் கையிலிருந்த சைகோன் வானொலி மறுநாளே விவரமாகச் சொல்லிவிட்டது, இங்கே நிருபர்கள் செய்தி அனுப்ப மே மாதம் இரண்டாம் வாரம்வரை அனுமதி இல்லை. மறைத்தால் சதிக்கதை முளைக்கத்தான் செய்யும்.

தானே: தங்கம் எவ்வளவு சார்?

மேலே சயான்காரருக்குச் சொல்லிவிட்டேன்.

அந்தேரி: நின்ற இடத்திலேயே மூழ்கடித்திருந்தால்?

முழுச் சரக்கோடு நிற்கும் கப்பலின் அடிக்கும் டாக்கின் தரைக்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கும்? கொஞ்சம் இறங்கி உட்காரும், அவ்வளவுதான். மேல்தட்டில் இருந்த வெடிபொருள் நனையாது.

வடாலா (இழுவைப் படகில் வேலை பார்த்தவர்): அண்ணே, அப்போ இழுத்துக்கொண்டு போயிருக்கலாமே! இரண்டு மணி நேரம் இருந்ததே. இரண்டு டக் (இழுவைப் படகு) போதும்.

தம்பி, இரண்டு மணி நேரம் என்பது நமக்கு இன்று தெரியும். அவர்களுக்கு 4.06 என்று யார் சொன்னது? குறுகலான வாசல் வழியே வெளியே எடுக்க வேண்டும். நடு வாசலில் வெடித்தால்?

வடாலா: உள்ளே வெடித்ததைவிட மோசமாகவா? 13 கப்பல் போனது. 'ஜலபத்மா' கரைமேலேயே ஏறிவிட்டது.

அந்தேரி: எரிகிற கப்பலில் கயிறு கட்ட யார் ஏறுவான்?

வடாலா: ஏறுவோம். தீயணைப்புக்காரர்கள் ஏறவில்லையா?

ஏறினார்கள். 66 பேர் திரும்பவில்லை. பைகலா தலைமை நிலையத்தில் அவர்கள் நினைவுச்சின்னம் இருக்கிறது, லோக்கலில் போகிறவர்கள் ஒருநாள் இறங்கிப் பாருங்கள். சரி தம்பி, ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: முதல் அரை மணிக்குள் ஒரே ஆள் கையில் அதிகாரம் இருந்திருந்தால் உங்கள் டக்குக்கு ஒரு வாய்ப்பு இருந்தது. ஆனால் கப்பல் கேப்டன், ராணுவம், டாக் நிர்வாகம், தீயணைப்பு என்று ஆளுக்கொரு யோசனை. யார் சொன்னால் யார் கேட்க வேண்டும் என்பதே தெளிவாக இல்லை.

வடாலா: அரை மணி போதும் அண்ணே. டக்கில் நீராவி ரெடியாக இருந்தால்.

இருந்தால்! நிபந்தனையை மறுபடி படியுங்கள்.

நவி மும்பை: எம்டன் சென்னைக்குப் பதில் பம்பாய்க்கு வந்திருந்தால்?

அது 1914, வேறு போர். வேறொரு நாள் கேளுங்கள்.

கல்யாண்: தங்கம்...

இல்லை.

வடாலா: அண்ணே, நீராவி பற்றி நான் இன்னும் முடிக்கவில்லை.