‘1000’ என்று போட்டிருந்தால் எதற்கும் தாங்குமா?

கேள்வி: திருப்பூர் பக்கம் சின்னதாக ஒரு சாயப்பட்டறை நடத்துகிறோம். பாய்லர் ஸ்டீம் லைனிலும், துணி வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு டேங்க் லைனிலும் பழைய கேட் வால்வுகளை எடுத்துவிட்டு பால் வால்வு (உள்ளே துளையிட்ட குண்டு திரும்பித் திறந்து மூடும் வால்வு) போடச் சொல்கிறார் ஃபிட்டர். கடைக்காரர் இரண்டுக்கும் ஒரே வால்வைக் காட்டி, "1000 டபிள்யூ.ஓ.ஜி போட்டிருக்குதுங்க, எதுக்கு வேணாலும் தாங்கும்" என்கிறார். எங்கள் பாய்லர் 7 கிலோ அழுத்தத்தில்தான் ஓடுகிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மூன்று எழுத்தும் தண்ணீர், எண்ணெய், வாயு, அவ்வளவுதான். ஸ்டீம் அதில் இல்லை. 1000 பிஎஸ்ஐ, அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 70 கிலோ என்பது சாதாரண வெப்பநிலையில் தாங்கும் அளவு. உங்கள் 7 கிலோ ஸ்டீம் ஏறக்குறைய 170 டிகிரி சூட்டில் வரும். உள்ளே குண்டைப் பிடித்திருக்கும் சீட் என்ற வளையம் டெஃப்லான், சூடு ஏற ஏற அது இளகும், தாங்கும் அழுத்தமும் இறங்கிக்கொண்டே போகும். அதனால் கம்பெனியின் அழுத்தம்–வெப்பநிலை அட்டவணையைக் கேளுங்கள், அது இல்லை என்றால் அந்த வால்வும் வேண்டாம். 7 கிலோ பாய்லர் லைன் என்பதால் ஐபிஆர் எனும் இந்திய பாய்லர் விதிமுறைச் சான்றும் (படிவம் 3-சி) கூடவே வரவேண்டும். என்னைக் கேட்டால் மெயின் ஸ்டீம் லைனுக்கு சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மெல்லத் திறக்கும் குளோப் வால்வோ பிஸ்டன் வால்வோதான் சரி. பால் வால்வை கால் சுற்றில் படக்கென்று திறந்துவிடலாம், குளிர்ந்த லைனில் தேங்கிய தண்ணீரை ஸ்டீம் தள்ளிக்கொண்டு போய் வளைவில் அடிக்கும் அடியில் பைப்பே பிளந்துவிடும்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது ஸ்டீம் இல்லை, பெராக்சைடு. பால் வால்வை மூடினால் குண்டின் துளையிலும் அதைச் சுற்றியுள்ள குழியிலும் கொஞ்சம் திரவம் மாட்டிக்கொள்ளும், இரண்டு பக்கமும் சீட் அடைத்திருப்பதால் வெளியேற வழி கிடையாது. தண்ணீராக இருந்தால் சும்மா கிடக்கும். பெராக்சைடு சும்மா கிடக்காது, மெல்ல மெல்ல சிதைந்து ஆக்சிஜனை விட்டுக்கொண்டே இருக்கும், துருவோ பித்தளையோ அழுக்கோ பட்டால் இன்னும் வேகமாக. உள்ளே அழுத்தம் ஏறி ஒருநாள் வால்வு வெடிக்கும், பக்கத்தில் யாராவது நின்றால் கண்ணும் தோலும் போகும். இதற்கென்றே குண்டில் சின்னத் துளை போட்ட வால்வு விற்கிறார்கள். மூடியிருக்கும்போது அந்தத் துளை டேங்க் பக்கம் பார்த்திருக்க வேண்டும், பாடியில் அம்புக்குறி இருக்கும், திருப்பி மாட்டினால் ஒழுகும். விலை கூடுதல்தான். "நானே ட்ரில் போட்டுத் தரேன்" என்று ஃபிட்டர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், பிசிறு நின்று சீட்டைக் கிழித்துவிடும். இதே காரணத்தால் அந்த லைனில் இரண்டு வால்வை மூடி, நடுவில் பெராக்சைடை அடைத்து வைக்கவும் கூடாது.

மாட்டும்போது: முதலில் லைனை ஊதிச் சுத்தம் செய்யுங்கள், ஒரு துணுக்கு வெல்டிங் கசடு போதும் புது வால்வு ஒழுக. மரை வால்வு என்றால் எந்தப் பக்கம் பைப் ஏறுகிறதோ அந்தப் பக்கத்து அறுகோணத்தில்தான் ஸ்பேனர் போட வேண்டும். எதிர்ப்பக்கத்தைப் பிடித்து முறுக்கினால் இரண்டு துண்டு வால்வின் உடம்பே கழன்று வரும், அது உடனே தெரியாது, அழுத்தம் ஏறியபிறகுதான் தெரியும். வெல்டு செய்வதாக இருந்தால் மூன்று துண்டு வால்வு வாங்கி, நடுத்துண்டைக் கழற்றி வைத்துவிட்டு வெல்டு செய்யச் சொல்லுங்கள்.

கழற்றும்போதும் அப்படித்தான். லைனில் அழுத்தத்தை இறக்கி, வடித்து, வால்வைப் பாதி திறந்து வைத்தால்தான் உள்ளே மாட்டியது வெளியே வரும். மூடியபடியே கழற்றி மேசையில் வைத்துப் பிரித்தால் முகத்தில் அடிக்கும். ஹேண்டில் பைப்போடு நேராக இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும், ஆனால் யாரோ ஹேண்டிலை மாற்றி மாட்டியிருக்கலாம், குண்டோடு சேர்ந்து திரும்பும் தண்டின் தலையில் இருக்கும் தட்டைப் பக்கத்தையும் ஒரு பார்வை பாருங்கள்.

கேள்வி: வால்வில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அது 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே?

பதில்: இல்லை. 304-லும் பெரும்பாலும் ஒட்டாது, மலிவான 202-லும் அப்படித்தான். வேடிக்கை என்னவென்றால் வார்த்து எடுத்த அசல் 316 வால்வில் காந்தம் லேசாக ஒட்டலாம்! நிறைய வாங்குவதாக இருந்தால் உலோகச் சோதனைக் கூடத்தில் ஒன்றைக் கொடுத்துப் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் டெஸ்ட் சர்டிபிகேட் கேட்டு, வார்ப்பு எண் பாடியில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா பாருங்கள்.

கேள்வி: பால் வால்வைப் பாதி திறந்து ஓட்டத்தைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. சீட் ஒரு பக்கமாக அரித்துப்போகும், அப்புறம் முழுதாக மூடினாலும் ஒழுகும்.

கேள்வி: வாங்கிய வால்வு பதினைந்தே நாளில் ஒழுகுகிறது. கடைக்காரர் கையை விரிக்கிறார். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

பதில்: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியிருந்தால் விலக்கு உண்டு. ஆள் வைத்துப் பட்டறை நடத்துகிறவர் அந்த விலக்கைக் கேட்டால் எதிர்த்தரப்பு விடாது. நீங்கள் எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். அதற்கு முன்னால் பில்லையும், வால்வில் பொறித்த எண்ணையும், ஒழுகும் இடத்தையும் போட்டோ எடுத்து கடைக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். பில் இல்லாமல் வாங்கியிருந்தால், அடுத்த வால்வைப் பில்லோடு வாங்குங்கள், இதற்கு வேறு வழி இல்லை.